டிஸ்கோ குமிழ் ஆறில் நின்ற மதியம்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தது. பெர்சனல் டிபார்ட்மென்ட்டாம். குரலைக் கேட்டால் நான் ரிட்டயர் ஆன பிறகு சேர்ந்த பெண் என்று தெரிந்தது.

"மேடம், நம்ம யூனிட்ல புது நீடில் டிடெக்டர் வந்திருக்கு. எதையும் செட் பண்ணவே வேணாம், அதுவே கத்துக்குது. அதுக்காக ஒரு சின்ன புத்தகம் போடுறோம். நீங்க பழைய மிஷின்ல வேலை பாத்த அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கறீங்களா?"

இருபத்தாறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். ஒருத்தராவது மேடம் என்று கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மும்தாஜ்க்காதான். வேலையை விட்ட பிறகு கிடைத்த பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டு உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ரெண்டு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர்கள் வேண்டியதை வெட்டிக்கொள்ளட்டும். எந்த இடத்தை முதலில் வெட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்களுடையது தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏற்றுமதித் தையல் யூனிட். வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து அனுப்புவோம். நான் நூல் வெட்டும் மேஜையில் சேர்ந்தேன். அப்புறம் செக்கிங். அப்புறம் இஸ்திரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் வெந்தேன். நீடில் மிஷினில் இருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட, "மும்தாஜ், நீங்க வாங்க" என்று குவாலிட்டி மேனேஜர் வரதராஜன் சார் கூப்பிட்டார். மூன்று நாளில் மிஷினைக் கற்றுக்கொண்டேன். சாரைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆனது.

மிஷின் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடையும். உடைந்த நுனி துணிக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்த உடுப்பை ஒரு குழந்தைக்குப் போட்டுப் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டருக்குள் போய் வர வேண்டும். ஓடுகிற பெல்ட்டும், அதன் மேல் ஒரு சின்னக் குகையும்தான் மிஷின். உள்ளே இரும்பு போனால் கத்தும், பெல்ட் நின்றுவிடும். குகையின் நெற்றியில் வரிசையாகப் பத்து விளக்கு உண்டு. இரும்பு இடது பக்கம் இருந்தால் இடது விளக்கு எரியும், வலது பக்கம் இருந்தால் வலது விளக்கு.

பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட்டு, மேலே டிஸ்கிரிமினேஷன் என்று எழுதியிருக்கும். அந்தச் சொல் முழுதாக வாயில் நுழைந்தவர் எங்கள் யூனிட்டில் வரதராஜன் சார் ஒருவர்தான். எங்களுக்கு அது டிஸ்கோ குமிழ்.

பூஜ்யத்தில் வைத்தால் மிஷின் பித்தளை ஜிப்புக்கும் கத்தும், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளுக்கும் கத்தும். குமிழை இரண்டுக்குக் கொண்டுவந்தால் பித்தளையையும் அலுமினியத்தையும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு இரும்புக்கு மட்டும் கத்தும். எதைக் கண்டால் சும்மா இருக்க வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற குமிழ் அது. கேட்பதற்கு நல்ல வசதியாகத்தான் இருக்கும். ஆனால் மிஷினுக்கு இது பித்தளை, இது ஊசி என்று பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெரிய சத்தம், சின்ன சத்தம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருந்தவர். கிரைண்டர் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். கிரைண்டர் கேட்காது. நான் போன் செய்தால் அதுவும் கேட்காது. டிஸ்கோ குமிழை ஏற்றுவது மிஷினுக்குப் பஞ்சு வைப்பது.

ஆகவே குழந்தை உடுப்புக்குக் குமிழ் இரண்டில்தான் நிற்கும். அதைத் தொட வேண்டுமானால் வரதராஜன் சார் கையெழுத்து வேண்டும்.

சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதினெட்டு வயசுப் பெண்ணாக இருந்தாலும் 'வாங்க போங்க'தான். குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் அவர் பேசும்போது மொத்த ஃப்ளோரும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சின்ன காந்தமும் தொங்கும். நடக்கிற வழியில் குனிந்து, மேஜைக்குக் கீழே அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் நிமிர்வார். நாம் எந்தப் பிரச்சினையை எடுத்துப் போனாலும், எவ்வளவு மூச்சு வாங்கச் சொன்னாலும், கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"சரி. எழுதிட்டீங்களா?"

எழுதாமல் வாயால் சொன்னதெல்லாம் அவருக்குக் காற்றோடு போனது. அவர் அந்தப் பக்கம் போனதும் கல்பனா அதே குரலில் சொல்லுவாள்: "எக்கா, பசிக்குது." "சரி. எழுதிட்டீங்களா?"

வாரத்துக்கு ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், ஒரு உடுப்பின் மடிப்புக்குள் ஊசி நுனி ஒன்றைச் செருகிக் கூடைக்குள் போட்டுவிடுவார். சாயங்காலத்துக்குள் அதைப் பிடித்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். ஒருமுறை மாலை ஐந்து மணிவரை வரவில்லை. போய் நின்றேன். "சார், இந்த வாரம் கிடைக்கல." சார் சட்டைப் பையிலிருந்து ஒரு குழந்தைச் சாக்ஸை எடுத்துக் காட்டினார். போட மறந்துவிட்டாராம். அப்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் மறந்ததையும் எழுதிடுங்க" என்றார். எழுதினேன்.

மணிக்கு ஒருமுறை மிஷினைச் சோதிக்க வேண்டும். கடுகில் பாதி இருக்கும் இரும்பு உருண்டை பதித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று உண்டு. அதை ஒன்பது இடத்தில் வைத்து அனுப்ப வேண்டும். பெல்ட்டின் மேல் இடது, நடு, வலது. தெர்மாகோல் கட்டை வைத்துப் பாதி உயரத்தில் அதே மூன்று. குகையின் கூரையை ஒட்டி அதே மூன்று. காது மிஷினுக்கு மேலேயும் கீழேயும் இருப்பதால், பாதி உயரத்தில்தான் அதற்குக் கேட்பது குறைவு. ஒன்பது முறையும் கத்த வேண்டும். ஒன்பது கட்டத்தில் டிக் போட்டு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஃப்ளோருக்குள் இரும்பு வரக் கூடாது. ஹேர்பின் கூடாது, சேஃப்டி பின் கூடாது. புடவைத் தலைப்பை நூலால் தைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. என் பர்தாவுக்கு முக்காட்டுப் பின் குத்தாமல் நாடா வைத்துக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் பின் குத்த எனக்குக் கை வராது. கல்யாண வீட்டில் என் மருமகள்தான் குத்திவிடுகிறாள்.

இப்போது கல்பனா. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். நேரான தையல், கோணலான வாய். ஆயுத பூஜைக்கு நீடில் மிஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது அவள் வேலை, பொரியில் இரண்டு பங்கு வாங்கிக்கொள்வது என் வேலை. ஒரு வருஷம் பூஜை முடிந்து மறுநாள் மிஷின் வெறும் பெல்ட்டுக்கே கத்த ஆரம்பித்தது. கிண்டியிலிருந்து சர்வீஸ் மெக்கானிக் வந்தார். பாகம் பாகமாகக் கழற்றினார். டிஸ்கோ குமிழை ஏழுவரை ஏற்றினார். அப்போதும் விட்டு விட்டுக் கத்தியது. மத்தியானம் ஆகிவிட்டது. கல்பனா தண்ணீர் குடிக்க வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டு, திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் வெளியே இழுத்தாள். கட்டுக்கம்பியில் கோத்திருந்தது. ஃபேன் காற்றில் ஆடும்போதெல்லாம் மிஷினுக்குக் கேட்டிருக்கிறது.

"நான்தான் சார் கட்னேன். நூல்ல கோத்தா மொளகா நிக்கமாட்டேங்குது" என்று வரதராஜன் சாரிடம் நேராகப் போய்ச் சொன்னாள். சார் எழுதச் சொன்னார். 'எலுமிச்சம்பழம் ஒன்று, மிளகாய் ஏழு, கம்பி ஒரு ஜாண்' என்று ரிஜிஸ்டரில் எழுதிய ஒரே யூனிட் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது ரோம்பர் ஆர்டர். சட்டையையும் கால்சட்டையையும் ஒன்றாகத் தைத்த கைக்குழந்தை உடுப்பு. டயப்பர் மாற்றுவதற்காகக் கால் நடுவில் மூன்று டிச் பட்டன் இருக்கும். பட்டன் முழுப் பித்தளை, சாம்பிள் பார்த்து வாங்கியது, இரண்டு வாரமாக மிஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்று காலை புதுப் பெட்டி பட்டன் பிரித்தார்கள். பத்து மணிக்கு முதல் பீஸ் மிஷினுக்குள் போனது, கத்தியது. இரண்டாவதும் கத்தியது. இருபது பீஸ் போட்டேன், இருபதும் கத்தியது. ஒரு பட்டனைக் குறட்டால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தலைமுடி கனத்துக்கு எஃகு ஸ்பிரிங் வைத்திருந்தான் மகராசன்.

விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். லைனை நிறுத்து, குவாலிட்டிக்குச் சொல்லு, பட்டனை மாற்று. அன்று காலை சார் கிண்டியில் டெஸ்டிங் லேபுக்குப் போயிருந்தார். போன் இருந்தது. நம்பர் மனப்பாடம்.

புரொடக்‌ஷன் மேனேஜர் ஞானவேல் சார் ஓடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாலு மணிக்கு லாரி வரும் என்கிற ஒரே நினைப்பில் தலை சுற்றிக்கொண்டிருந்த மனிதர்.

"மும்தாஜ், கத்துறது பட்டன்தானே?"

"பட்டன்தான் சார்."

"ஊசி இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப பட்டனை விட்டுடச் சொல்லி மிஷினை செட் பண்ணுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. எனக்குத் தெரியாததா! குமிழை மூன்றுக்குக் கொண்டுபோனேன், கத்தியது. நாலு, ஐந்து. ஆறில் வைத்ததும் பட்டனுக்குச் சத்தம் நின்றது. அட்டையை எடுத்துப் பெல்ட்டின் மேல் வைத்து அனுப்பினேன். இடது, நடு, வலது மூன்றிலும் கத்தியது. பார்த்தாயா, இரும்பு இன்னும் கேட்கிறது என்று எனக்கே என் மேல் பெருமை. தெர்மாகோல் கட்டை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. கூடையில் பீஸ் மலையாகக் குவிந்திருந்தது. ரிஜிஸ்டரில் ஒன்பது கட்டத்திலும் டிக் போட்டேன். அடுத்தடுத்த மணிக்கும் அதே மூன்று இடம், அதே ஒன்பது டிக். ஞானவேல் சார் எனக்கு ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கி அனுப்பினார். குடித்தேன், இனிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கல்பனாவை எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்து லேபிளை மாற்றிவிட்டது வெளிநாட்டு பார்ட்டி. அதனால் முடிந்த ரோம்பர்களில் புது லேபிள் வைத்துத் தைத்து, அவள் கூடையில் போடப் போட, என் மிஷினுக்குள் போய்ப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மதியம் இரண்டு ஐந்துக்குக் கல்பனா கையைத் தூக்கினாள். ஊசியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நுனி மட்டும், ஒரு எள் அளவு, இல்லை.

முழு ஊசி முறிந்தால் சத்தம் கேட்கும். நுனி மட்டும் போனால் தையல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நூல் விட்டு விட்டு விழ ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஊசி பார்த்தபோது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு தைத்த பீஸ் எல்லாம் என்னிடம் வந்து பெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் ஒரு பீஸ் தைத்துப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. அவள் நிறுத்தினாள், கையைத் தூக்கினாள்.

விதி இதற்கும் உண்டு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். சூப்பர்வைசரம்மா காந்தத்தால் தரையைத் தடவினார். மிஷினின் அடித்தட்டைக் கழற்றினார்கள். கிடைக்கவில்லை.

ஞானவேல் சார் என்னைப் பார்த்தார். "அவ தச்ச பீஸ் எல்லாம் டிடெக்டர்ல போச்சா?"

"போச்சு சார்."

"கத்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப பீஸ்ல இல்ல." கல்பனா பக்கம் திரும்பினார். "எங்கம்மா போட்ட? உண்மையைச் சொல்லு."

"தெர்ல சார். துணிக்குள்ளதான் போயிருக்கும்."

"மிஷின் இல்லேங்குதே."

"மிஷின் இன்னா சொல்லுதுன்னு எனக்குத் தெர்ல சார். கீழ விழுந்தா காந்தத்துல வந்திருக்கும். துணியிலதான் கீது."

"காலைலயே நுனி இல்லாத ஊசிய வச்சுக்கினு, இப்ப கதை விடுறியா?"

நுனிக்குக் கணக்கு வராவிட்டால் தைத்தவள் மறுநாளிலிருந்து வர வேண்டாம். கான்ட்ராக்டில் இருந்தவளுக்கு விசாரணையெல்லாம் கிடையாது. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சூப்பர்வைசரம்மா அவளைச் சுவரோரம் நிற்க வைத்துக் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார். முந்தானையை உதறச் சொன்னார். சாப்பாட்டுப் பையைக் கொட்டச் சொன்னார். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். குமிழ் ஆறில் நின்றது. மணி இரண்டே கால். என் மிஷினுக்குக் காது கேட்கவில்லை, அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அடுத்து நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டீ வந்தது. நான் டீ குடித்தேன். அவசரமில்லாமல் கண்ணாடி டம்ளர் ஆறும்வரை குடித்தேன். ஒருவேளை நுனி தரையில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். யாரும் பார்க்காதபோது குமிழை இரண்டுக்குத் திருப்பிவிடலாம் என்றும் நினைத்தேன், கை குமிழ்வரை போனது. இத்தனை வருஷமாக 'மும்தாஜ் கையில் போனால் தப்பாது' என்று பேர் வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பேரை விட எனக்கு மனசு வரவில்லை. கல்பனா கீழே உட்கார்ந்து, கொட்டிய சோற்று டப்பாவை மூடி, ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மாடி ஏறினேன். வரதராஜன் சார் அப்போதுதான் கிண்டியிலிருந்து வந்து, நின்றபடியே ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"சார், மிஷின் ஆறுல இருக்கு. காலைலருந்து ஆறுல இருக்கு. பட்டன் கத்துச்சு, நான்தான் ஏத்தினேன். அட்டையை ஒம்பது இடத்துல போடல. மூணுதான் போட்டேன். ஒம்பதுன்னு எழுதிட்டேன்."

சார் காகிதத்தைக் கீழே வைத்தார். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"முதல்ல லாரியை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். "எழுதறது அப்புறம்."

கீழே வந்து அட்டையை அவரே எடுத்தார். தெர்மாகோல் கட்டை மேல் வைத்து அனுப்பினார். அட்டை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. மறுபடி அனுப்பினார், மறுபடியும் சத்தமில்லை. இருபத்தாறு வருஷத்தில் எனக்கு மிகப் பெரிதாகக் கேட்ட சத்தம் அந்த மிஷின் கத்தாமல் இருந்ததுதான்.

காலையிலிருந்து ஆறில் போன பீஸ் ஐநூற்றுச் சொச்சம். பெட்டியெல்லாம் திரும்பி வந்து பிரிந்தது. இப்போது இன்னொரு சிக்கல். குமிழை இரண்டில் வைத்தால் பட்டனுக்கே ஒவ்வொரு பீஸும் கத்தும், ஊசி நுனி எதில் என்று எப்படித் தெரியும்? பட்டனையெல்லாம் பிடுங்கிவிடலாமா என்று ஞானவேல் சார் கேட்டார். சுவரோரத்திலிருந்து கல்பனா குரல் வந்தது. அவிழ்த்த முடியை அவள் இன்னும் முடியவில்லை.

"பட்டன் கால்ல கீது. லேபிள் கழுத்துல கீது. துணிய மடிக்காம நீட்டிப் போடு. கால் அந்தாண்ட, கழுத்து இந்தாண்ட. அந்தாண்ட லைட்டு எரிஞ்சா பட்டன். இந்தாண்ட எரிஞ்சா என்து."

வரதராஜன் சார் அட்டையைக் கீழே வைத்தார். "அப்படியே செய்வோம்மா" என்றார்.

குமிழ் இரண்டுக்கு வந்தது. கல்பனா பீஸை எடுத்துக் குறுக்காக நீட்டிப் போட, நான் விளக்கைப் பார்க்க, மிஷின் கத்த, பெல்ட் நிற்க, பொத்தானை அமுக்கி மறுபடி ஓட்ட. இடது, இடது, இடது. முதலில் பக்கத்து லைன் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பெட்டி பிரிக்க வந்தாள், இன்னொருத்தி எண்ண வந்தாள். ஞானவேல் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பார்த்த பீஸை மடித்து அடுக்கினார். மடிப்பு கோணல். யாரும் சொல்லவில்லை. கல்பனா என் முகத்தைப் பார்க்காமல் பீஸைப் போட்டாள். நான் "அடுத்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முந்நூற்று நாற்பத்து ஒன்பதாவது பீஸ். இடது விளக்கோடு வலது ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மெலிசாக, சிவப்பாக. திருப்பிப் போட்டேன். விளக்கும் பக்கம் மாறி எரிந்தது. மூன்றாம் முறையும் அதே. வரதராஜன் சார் லேபிளைப் பிரித்து இடுக்கியால் எடுத்தார். லேபிளுக்கும் துணிக்கும் நடுவில், பிடரி வந்து படுகிற இடத்தில் இருந்தது அது. மஞ்சள் துணி, வாத்துப் படம் போட்டது. ஆறு மாதக் குழந்தை அளவு.

"இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். யாரும் கை தட்டவில்லை. கல்பனா இரண்டு கையாலும் முடியை அள்ளி முடிந்தாள்.

மீதிப் பீஸையும் பார்த்துத்தான் முடித்தோம். லாரி காலியாகப் போனது. சரக்கு பட்டன் மாற்றி நாலு நாள் கழித்துப் போனது. எனக்கு மெமோ வந்தது, மூன்று மாதம் நூல் வெட்டும் மேஜைக்கே திரும்பிப் போனேன். அங்கே உட்கார்ந்தபோது வேலையில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் முதுகு வலிதான் வந்தது. மூன்று மாதம் முடிந்ததும் சார் ஒன்றும் சொல்லாமல் மிஷின் சாவியை என் கையில் கொடுத்தார். புது மிஷின் எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ளும் என்று போன் செய்த அந்தப் பெண் சொன்னது. நல்ல விஷயம்தான். எதைக் கேட்காமல் விட வேண்டும் என்று அதற்கு யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொன்னேன். "கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றது, இன்னும் சொல்லவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அன்று ஐந்தரை மணிக்கு நடந்தது. அதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

வரதராஜன் சார் மேஜையில் ஒரு படிவம் வைத்தார். தவறு செய்தவர் பெயர், என்ன தவறு, தவறு தெரிந்த நேரம், தவறைத் தெரிவித்த நேரம். கீழே சாட்சிக் கையெழுத்து. "சம்பந்தப்பட்டவங்க சாட்சி போடட்டும்" என்று கல்பனாவை எனக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு வெளியே போனார்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். குமிழை ஆறுக்கு ஏற்றியது நான். மூன்று இடத்தில் மட்டும் அட்டை போட்டது நான். ஒன்பது டிக் பொய். எழுத எழுத மனசு லேசாகிக்கொண்டு வந்தது, நான் எவ்வளவு நேர்மையானவள் என்றுகூடத் தோன்றியது. தெரிந்த நேரம்: இரண்டு நாற்பது. தெரிவித்த நேரம்: இரண்டு நாற்பது. காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

கல்பனா விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நேரம் எழுதிய இடத்தில் விரல் நின்றது. பேனாவைக் கையில் எடுத்தாள், மூடியைக் கழற்றவில்லை.

"எக்கா. ரெண்டே காலுக்கு என் கொண்டைய அவுத்துப் பாத்துகினு இருந்தாங்க. நீ மிஷினாண்ட நின்னுகினு என்னையே பாத்த. அப்பவே உனக்குத் தெரியும்."

நான் நேரம் எழுதிய இடத்தைப் பார்த்தேன்.

"டீ குட்ச்ச" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். அழ வேண்டும் போல இருந்தது, அழுதால் அதையும் அவள்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். காகிதத்தை என் பக்கம் இழுத்து, தெரிந்த நேரத்தில் இருந்த இரண்டு நாற்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் இரண்டு பதினைந்து என்று எழுதினேன். அடித்த இடத்தில் எழுதியவர் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. போட்டேன்.

அதைப் பார்த்த பிறகுதான் கல்பனா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.